கொட்டகைச் சுவரில் பழைய வாசலை அடைக்கும்போது: கண்ணில் படும் கோளாறும் அதற்கான கைவைத்தியமும்

செங்கல் கட்டப் பழகுகிறவருக்குப் பழைய கதவு இருந்த இடத்தை அடைப்பது நல்ல முதல் வேலை. இரண்டு பக்கமும் சுவர் தயாராக நிற்கிறது, மேலே லிண்டல் (திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் குறுக்குக்கட்டை) இருக்கிறது, மூலை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் புதிதாக எழுப்பும் சுவரில் வரி, அதாவது படுக்கையாக ஓடும் ஓர் அடுக்குக் கல், கொஞ்சம் பிசகினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே பக்கத்திலேயே பழைய வரி நின்றுகொண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தக் கோளாறைப் பார்த்தாலும் முதலில் கட்டைவிரலைக் கலவையில் அழுத்திப் பாருங்கள். ஈரம் விரலில் ஒட்டி வந்தால் கலவை இன்னும் பச்சை. அந்தக் கல்லைத் தூக்கி, அடியில் இருக்கும் கலவையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுக் கலவை போட்டு வைக்கலாம். தடம் பதிகிறது ஆனால் விரலில் ஒட்டவில்லை என்றால் இறுக ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில் கல்லைத் தட்டி நகர்த்துவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய கெடுதல். வரி நேராக வர இழுத்துக் கட்டிய நூலுக்குக் கல் சரியாக வந்துவிடும், பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் கலவைக்கும் கல்லுக்கும் இருந்த பிடிப்பு உள்ளே அறுந்துபோயிருக்கும். அந்தக் கட்டத்தில் ஒன்று கல்லை முழுதாக எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி வையுங்கள், இல்லையென்றால் அப்படியே விடுங்கள். விரல் பதியவே இல்லையா? இனி உளி வேலைதான். அவசரம் இல்லை, அதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

வேலை தொடங்கும் முன்பே: திறப்புக்கு மேலே படிக்கட்டு மாதிரி விரிசல்

பழைய கதவு நிலையைக் கழற்றும் முன் மேலே பாருங்கள். லிண்டல் இருக்கிறதா? கல், கான்கிரீட், இரும்பு, மரம், எதுவாகவும் இருக்கலாம். அது இரண்டு பக்கமும் சுவருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். சில கொட்டகைகளில் லிண்டலே இருக்காது. மேலே உள்ள கற்களை மரநிலையே தாங்கிக்கொண்டிருக்கும். நிலையின் மேற்கட்டை நடுவில் தொய்ந்திருப்பது, கதவு மேலே உரசுவது, திறப்பின் மூலையிலிருந்து விரிசல் கல்லுக்குக் கல் படியேறிப் போவது, இவையெல்லாம் அதற்கான அடையாளம்.

இதில் எதைக் கண்டாலும் நிலையில் கை வைக்காதீர்கள். மேல் பாரத்துக்கு முட்டுக் கொடுத்து, லிண்டல் வைத்த பிறகுதான் அடைப்பு வேலை. இதைப் பழகிக்கொள்ளும் வேலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அனுபவமுள்ள கொத்தனாரையோ கட்டடப் பொறியாளரையோ கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

புது வரி பழைய வரியோடு சேரவில்லை

மூன்று நான்கு வரி ஏறியதும்தான் இது கண்ணில் படும். காரணம் முதல் வரியில், சில நேரம் அதற்கும் முன்னால் இருக்கும்.

கையில் இருக்கும் கல் 65 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 10 மி.மீ. கலவையோடு ஒரு வரி 75, நான்கு வரி 300. பழைய சுவரில் நான்கு வரியை அளந்தால் 312 வருகிறது. அப்படியென்றால் அங்கே ஒரு வரி 78. அதே உயரக் கல்லில் அதைப் பிடிக்க நீங்கள் 13 மி.மீ. கலவை போட வேண்டும். இது தெரியாமல் 10 மி.மீ. போட்டுக்கொண்டே போனால் நான்காவது வரியில் 12 மி.மீ. கீழே நிற்பீர்கள். அதைச் சரிக்கட்ட ஐந்தாவது வரியில் கலவையைக் கொட்டித் தூக்கினால், அந்த ஒரு தடித்த கோடு சுவர் இருக்கும்வரை தெரியும்.

இதற்கு மருந்து ஒரு மரச்சட்டம். அதைத் திறப்பின் ஓரத்தில் நிறுத்தி, பழைய சுவரின் ஒவ்வொரு வரியின் மேல்விளிம்பையும் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். பழைய கொட்டகைகளில் இரு பக்கமும் சமமாக இருந்தால் அதுதான் ஆச்சரியம். ஒவ்வொரு வரிக்கும் நூலை அந்தந்தப் பக்கத்துக் கோட்டில் கட்டினால், இருக்கும் வித்தியாசம் வரி நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. வித்தியாசம் ஏற்கெனவே விழுந்துவிட்டதா? அதை அடுத்து வரும் ஐந்தாறு வரிக்குப் பங்கிடுங்கள். ஒரு வரிக்கு இரண்டு மி.மீ. கூடினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

புதுக்கல் பழைய கல்லைவிட உயரமாக இருந்தால் கதை வேறு. பழைய வரி 75, புதுக்கல் 70 என்றால் கலவைக்கு 5 மி.மீ.தான் மிச்சம். மணலில் ஒரு பெரிய பருக்கை இருந்தாலே கல் ஆடும். அங்கே வரிக்கு வரி பொருத்தும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. புது அடைப்பை அதன் போக்கில் 10 மி.மீ. கலவையோடு கட்டி, பழைய சுவரோடு இரும்புப் பிடிப்பால் இணைத்து, மேலே பூசிவிடுங்கள். பூச்சு இல்லாமல் கல் தெரியும் சுவர்தான் வேண்டும் என்றால் அதே உயரக் கல்லைத் தேடித்தான் ஆக வேண்டும்.

வரியின் கடைசிக் கல் நுழையவில்லை, அல்லது இரண்டு விரல் இடைவெளி மிஞ்சுகிறது

கலவை இல்லாமல் கல்லை அடுக்கிப் பார்க்காததன் விளைவு. திறப்பு 900 மி.மீ. அகலம், கல் 215 மி.மீ. நீளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் நான்கு முழுக்கல், 860. மீதி 40. நான்கு கல்லுக்கு நடுவில் மூன்று இடைவெளி, இரண்டு ஓரமும் சேர்த்து ஐந்து. ஆக ஒவ்வொன்றும் 8 மி.மீ. அடுத்த வரியில் ஓரத்தில் ஓர் அரைக்கல், நடுவில் மூன்று முழுக்கல், மறு ஓரத்தில் ஓர் அரைக்கல். அரைக்கல்லை 102 ஆக வெட்டினால் மொத்தம் 849. மீதி 51, இடைவெளி ஆறு, ஒவ்வொன்றும் எட்டரை. இரண்டு வரியும் கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் அமைந்துவிட்டது. இப்படிக் கணக்குக் கூடி வரவில்லை என்றால் ஓரத்தில் முக்கால் கல் வைத்துப் பாருங்கள். எப்படி வைத்தாலும் மேல் வரியின் நிற்கும் இணைப்பு (பக்கத்துப் பக்கத்துக் கற்களுக்கு நடுவே உள்ள கலவைக் கோடு) கீழ் வரியின் இணைப்புக்கு நேர் மேலே வரக் கூடாது. கால் கல் அளவாவது தள்ளி இருக்க வேண்டும்.

அகலத்தைக் கீழே, நடுவே, மேலே என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மேலே போகப் போகக் குறுகும் திறப்பில், கீழே சரியாக உட்கார்ந்த கணக்கு மேலே உட்காராது.

பாதி வேலையில் இடைவெளி மிஞ்சிவிட்டது, கலவை பச்சையாக இருக்கிறது என்றால் அந்த வரியை எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்குங்கள். நான்கு கல்தானே. இரண்டு விரல் பிளவில் துண்டுச் சில்லையும் கலவையையும் திணித்து மூடுவது எனக்குப் பிடிக்காத வேலை. அந்த இடம்தான் முதலில் விரியும். கல் வெட்டும்போது கண்ணாடியும் தூசு முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். மெஷினில் வெட்டினால் கல்லை நனைத்து வெட்டுங்கள், செங்கல் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

கலவை கரண்டியிலிருந்து வழிகிறது, அல்லது கட்டியாக நிற்கிறது

ஒரு கரண்டிக் கலவையை எடுத்து, கையை லேசாக உதறி, கரண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். உடனே வழிந்தால் தண்ணீர் அதிகம். பொத்தென்று உருண்டையாக விழுந்தால் தண்ணீர் போதவில்லை.

வழியும் கலவையைக் காப்பாற்ற வெறும் மணலைக் கொட்டுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கலவையின் பலமே போய்விடும். மணலையும் சிமெண்டையும் முதலில் இருந்த விகிதத்திலேயே உலர்வாகக் கலந்து சேருங்கள். ஒன்பது இஞ்சுச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் போதும். நாலரை இஞ்சுச் சுவர் என்றால் ஒன்றுக்கு நான்கு. அதற்கு மேல் சிமெண்ட் போட்டால் பலம் கூடும் என்று நினைக்க வேண்டாம், சுருக்க விரிசல்தான் கூடும். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் மெத்தென்ற கல்லால் கட்டியது என்றால் இன்னும் கவனம் தேவை. கடுமையான சிமெண்ட் கலவை அங்கே பொருந்தாது. சுவர் கொஞ்சம் அசையும்போது சாந்து விட்டுக்கொடுக்காமல் கல் உடையும்.

பாண்டு (கலவை சுமக்கும் சட்டி) அளவில் அளப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஈர மணல் உலர்ந்த மணலைவிட உப்பலாக இருக்கும், கனஅளவில் கால்வாசிகூடக் கூடலாம். நேற்று வெயிலில் காய்ந்த மணலிலும் இன்று மழையில் நனைந்த மணலிலும் அதே ஆறு பாண்டு போட்டால் இரண்டும் ஒரே கலவை ஆகாது.

கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள், நல்ல வெயிலாக இருந்தால் அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இறுக ஆரம்பித்த கலவையில் தண்ணீர் தெளித்துக் குழைத்தால் பார்க்கப் புதிது போலத்தான் இருக்கும். அது எங்கே வேலையைக் காட்டும் என்பதைக் கீழே உதிரும் இணைப்பைப் பற்றிய பகுதியில் பார்க்கலாம். பழகுகிறவர் சின்னச் சின்னதாகக் கலப்பது மேல். கையுறை போடாமல் கலக்க வேண்டாம். ஈர சிமெண்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும், எரிச்சல் தெரிவதற்குள் நேரம் கடந்திருக்கும்.

வைத்த கல்லைத் தொட்டால் கழன்று வருகிறது

அப்படிக் கழன்ற கல்லைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கலவை அதில் ஒட்டியே இருக்காது, மணல் தடம் மட்டும் இருக்கும். கீழே இருக்கும் கலவை ஐந்து நிமிடத்திலேயே பிஸ்கட் போல வறண்டிருக்கும். கல் கலவையில் இருந்த தண்ணீரை மொத்தமாகக் குடித்துவிட்டது என்று பொருள்.

உங்கள் கல்லுக்கு எவ்வளவு தாகம் என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. கல்லின் படுக்கைப் பக்கத்தில், அதாவது கலவையில் உட்காரும் பக்கத்தில், மெழுகுக் கட்டியால் ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டம் போடுங்கள். அதற்குள் இருபது சொட்டுத் தண்ணீர் விட்டு நேரத்தைப் பாருங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் தண்ணீர் மறைந்தால் அந்தக் கல்லை நனைத்துத்தான் வைக்க வேண்டும். அதற்கு மேலும் தேங்கி நின்றால் நனைக்கத் தேவையில்லை.

நனைப்பது என்றால் தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்து வைப்பது இல்லை. கல்லைத் தொட்டியில் மூழ்கவிட்டு, குமிழி அடங்கியதும் எடுத்து, மேல்பரப்பு ஈரம் வற்றும்வரை நிழலில் வைத்து, அப்புறம் கட்டுங்கள். சொட்டும் கல்லை வைத்தால் நேர்மாறான கோளாறு வரும். கல் கலவையின் மேல் மிதக்கும், நூலுக்கு வைத்தது அடுத்த வரி வைப்பதற்குள் வழுக்கி வெளியே வந்து நிற்கும். இப்படி மிதந்தால் மேலே ஏற்றாமல் வேலையை நிறுத்தி, இறுகக் காத்திருப்பதுதான் வழி. கான்கிரீட் பிளாக்காக இருந்தால் ஊற வைக்கவே கூடாது. ஈரத்தில் கொஞ்சம் விரிந்து, காயும்போது சுருங்கி, இணைப்பில் கீறல் விடும்.

நாலைந்து கல்லுக்கு ஒருமுறை, வைத்த கல் ஒன்றை உடனே தூக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். கல்லின் அடியிலும் கீழ் வரியிலும் கலவை முழுப் பரப்பில் ஒட்டியிருந்தால் சரி. நடுவில் வெறுமையாக இருந்தால் கரண்டியால் கலவையில் போடும் பள்ளம் ஆழமாகிவிட்டது. கல்லில் குழி இருந்தால் அந்தப் பக்கம் மேலே வரட்டும், அடுத்த வரியின் கலவை அதை நிரப்பிக்கொள்ளும்.

சுவர் வயிறு தள்ளுகிறது அல்லது சாய்கிறது

நூல் கட்டித்தானே வைத்தேன், எப்படித் தள்ளியது என்பார்கள். நூலுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரே ஒரு கல் நூலைத் தொட்டுத் தள்ளினாலும் அதற்குப் பிறகு வைக்கும் எல்லாக் கல்லும் தள்ளப்பட்ட நூலைத்தான் பின்பற்றும். வரியில் ஓரக்கண்ணால் பார்த்து, நூலை முட்டும் கல்லை உடனே உள்ளே தட்டுங்கள். கலவை பச்சையாக இருக்கும்போது மட்டும்.

திறப்பை அடைக்கும்போது என் கருத்து ஒன்று உண்டு. செங்குத்துப் பார்க்கும் தூக்குக்குண்டை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள். பழைய சுவரே ஒரு விரற்கடை சாய்ந்திருக்கலாம். நீங்கள் குண்டுக்குச் சரியாகக் கட்டினால் கீழே சேர்ந்து மேலே துருத்தும். நீளமான மட்டக்கட்டையைத் திறப்பின் குறுக்கே இரண்டு பக்கப் பழைய சுவரிலும் படியும்படி வைத்து, புதுக் கல் அதைத் தள்ளாமலும் உள்வாங்காமலும் இருக்கிறதா என்று மூன்று வரிக்கு ஒருமுறை பாருங்கள். குறுக்கே வைத்தது போலவே மூலைவாட்டிலும் வைத்துப் பாருங்கள். வயிறு தள்ளியிருந்தால் அங்கேதான் கட்டை ஊஞ்சலாடும். சாய்வு ஆபத்தான அளவில் இருந்தால் அடைப்பதற்கு முன் அந்தச் சுவரையே கவனிக்க வேண்டும்.

ஒரே நாளில் உச்சிவரை ஏற்றுவதும் வயிறு தள்ளக் காரணம். அடி வரிகளின் கலவை மேல் பாரத்தில் பிதுங்கும். ஒரு நாளுக்கு ஒரு மீட்டர் உயரம் போதும்.

லிண்டலுக்கு அடியில் கைவிரல் நுழையும் இடைவெளி

இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. கலவை காயும்போது கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். கடைசி வரியை வைத்து அன்றைக்கே மேலே அடைத்துவிட்டால் மறுநாள் அங்கே மெல்லிய கோடு விழும். ஒரு நாள் விட்டு, உருட்டினால் உருண்டை நிற்கும் அளவுக்குக் கெட்டியான கலவையை, மெல்லிய கட்டையால் ஆழத்திலிருந்து அடித்து அடித்துத் திணியுங்கள். இடைவெளி அகலமாக இருந்தால் கலவையோடு ஓட்டுச் சில்லு அல்லது தட்டைக் கல் துண்டு செருகலாம். மேலாகப் பூசி மூடினால் உள்ளே வெற்றிடம் நிற்கும்.

இடைவெளி அரைக்கல் உயரத்துக்கு வந்து நின்றால், வரி பங்கிடும் சட்டத்தை நீங்கள் லிண்டல்வரை அளக்கவில்லை. கடைசி வரிக்குக் கல்லை நெடுகே வெட்டித்தான் போட வேண்டும்.

பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் நெட்டுக்கு விரிசல்

சில நாள் கழித்துத் தெரிவது இது. மயிரிழையாக, மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனாக இருந்தால் சுருக்க விரிசல். கொட்டகைக்கு அதனால் குடி முழுகாது. மழைநீர் இறங்காமல் வளையக்கூடிய சீலண்ட் வைத்து மூடினால் போதும்.

விரல் நகம் நுழையும் அளவுக்கு விரிந்து, தட்டினால் புதுச் சுவர் தனியாக அதிர்ந்தால், இரண்டும் பிணைக்கப்படவில்லை. பிணைக்க இரண்டு முறை உண்டு. பழைய சுவரில் ஒரு வரி விட்டு ஒரு வரி அரைக்கல்லை வெட்டி எடுத்து, புதுக் கல்லை அதற்குள் நுழைத்துப் பல் விட்டுக் கட்டுவது ஒன்று. பார்க்க அழகு, ஆனால் வரி உயரம் அச்சாகப் பொருந்த வேண்டும், உளி வேலையும் அதிகம். மூன்று நான்கு வரிக்கு ஒருமுறை பழைய சுவரில் துளையிட்டுத் துருப்பிடிக்காத கம்பி அல்லது தகட்டுப் பிடிப்பை வைத்து, மறுமுனையைப் புதுக் கலவைக்குள் புதைப்பது இன்னொன்று. முதல்முறை கட்டுபவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாம். துளையைக் கல்லில் போடுங்கள், பழைய சாந்தில் போட்டால் பிடிக்காது.

விரிசல் மேலே அகன்று கீழே குறுகினாலோ, முதல் வரிக்கு அடியில் படுக்கையாகப் பிளந்தாலோ சந்தேகம் அடித்தளத்தின் மேல் போக வேண்டும். வாசல் இருந்த இடத்தில் அடித்தளம் தொடர்ச்சியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வாசற்படிக்கு அடியில் வெறும் மண்ணும் மெல்லிய தளமும் மட்டுமே இருந்திருக்கலாம். சுவரின் எடை வந்ததும் அது இறங்கும். அப்படி இறங்கியதைப் பூசி மறைப்பதில் பயனில்லை. பிரித்து, தோண்டி, பக்கத்துச் சுவரின் அடித்தள ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டுத்தான் மறுபடி கட்ட வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே படியைப் பெயர்த்துப் பார்த்திருந்தால் அரை நாள் வேலைதான்.

ஆணியால் கீறினால் இணைப்பு மணலாக உதிர்கிறது

ஒரு வாரம் ஆன பிறகும் உதிர்ந்தால், பெரும்பாலும் கலவை காய்ந்துவிட்டது, இறுகவில்லை. சிமெண்ட் இறுகத் தண்ணீர் தேவை. வெயிலும் காற்றும் அதைப் பறித்துக்கொண்டால் உள்ளே வெறும் மணல்தான் நிற்கும். குறைந்தது ஏழு நாள் சுவரை ஈரமாக வைத்திருங்கள். கட்டிய மறுநாளிலிருந்து மெதுவாகத் தெளிக்கலாம், ஈரச் சாக்குத் தொங்கவிடலாம். முதல் நாளே குழாயைப் பீய்ச்சினால் கலவையே கழுவிக்கொண்டு வந்துவிடும்.

ஒரு பகுதி மட்டும் உதிர்ந்து மற்றது கெட்டியாக இருந்தால், அது மதிய உணவுக்குப் பிறகு தண்ணீர் விட்டுக் குழைத்த பழைய கலவையாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லா இடமும் ஒன்றுபோல உதிர்ந்தால் மணலைச் சந்தேகப்படுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் மேலே தண்ணீரும் விட்டு, சிட்டிகை உப்புப் போட்டு நன்றாகக் குலுக்கி சில மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேலே மெழுகு போல வண்டல் படியும். அது மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மணலைக் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

மேலோட்டமாக உதிர்ந்தால் 15 முதல் 20 மி.மீ. ஆழம் சுரண்டி, நனைத்து, புதுக் கலவை அழுத்தினால் சரியாகிவிடும். கல்லைக் கையால் ஆட்ட முடிகிறது என்றால் பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அடி வரிகளில் ஈரம் ஏறுகிறது

பழைய சுவரில் தரைக்கு மேலே ஒரு வரியில் ஈரத்தடுப்புப் பட்டை ஓடுகிறதா பாருங்கள். கருப்பாகத் தார் விளிம்பு அல்லது பிளாஸ்டிக் நுனி தெரியும். புது அடைப்பில் அதே உயரத்தில் பட்டை போட்டு, இரண்டு ஓரமும் பழைய பட்டையோடு மேற்கவிந்து சேர வேண்டும். பட்டை போட்டும் ஈரம் ஏறினால் வெளியே மண் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். தரைமட்டம் பட்டைக்கு 150 மி.மீ. கீழே இருக்கட்டும். பட்டையே போடாமல் கட்டி முடித்துவிட்டவர் அந்த வரியைச் சிறு சிறு பகுதியாக எடுத்துத்தான் செருக வேண்டியிருக்கும். ஒரே நேரத்தில் முழு வரியையும் எடுக்காதீர்கள்.

சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது

கல்லிலும் கலவையிலும் இருந்த உப்பு, ஈரம் வெளியேறும்போது கூடவே வந்து மேலே படிந்தது. காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய், காய்ந்ததும் மறுபடி பூக்கும். நாளடைவில் தானாகக் குறையும். குறையாமல் ஓரிடத்தில் மட்டும் வந்துகொண்டே இருந்தால் அங்கே எங்கிருந்தோ ஈரம் வந்துகொண்டிருக்கிறது, கூரை விளிம்பிலிருந்து தொடங்கித் தேடுங்கள். பூப்பது நிற்கும்வரை பெயிண்ட் அடிக்க வேண்டாம், அடித்தால் தோல் தோலாக உரியும்.